கைக்குழந்தைக்கு ஊர் என்ன செய்யும்?

(விருதுநகர் மாவட்டம் பந்தல்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் இளம் தாய்மார்களே!

பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போகாதீர்கள் அம்மா. இந்தக் கூட்டமே அந்தப் பிள்ளைக்காகக் கூடிய கூட்டம். அது அழட்டும், நான் சற்று உரக்கப் பேசிக்கொள்கிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், "கைக்குழந்தைக்கு ஊர் என்ன செய்யும்?" என்பது. பெற்றவள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதைக் கொடு, அதைக் கொடுக்காதே, இப்படித் தூக்கு, அப்படிப் படுக்கவை என்று வாசலுக்கு வாசல் புத்தி சொல்கிறார்கள். ஊர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இந்த மேடையில் வைக்கவே வந்திருக்கிறேன்.

நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறதே தூத்துக்குடி – மதுரை சாலை, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாம் அருப்புக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகிற சாலை. பெரியாஸ்பத்திரி என்றால் மதுரைக்குப் போகிற சாலை. தமிழ்நாடு தன் குழந்தைகளுக்குச் சோறு போட்ட வரலாற்றில் பாதி இந்த ஒரே சாலையில் நடந்திருக்கிறது.

இங்கிருந்து தெற்கே போனால் எட்டயபுரம். நம் விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர், முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டத்தை அங்கேதான் தொடங்கி வைத்தார். அப்போது கல்வித் துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு அந்தத் திட்டத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றார். அரசு பணம் முழுவதையும் கொட்டிவிட்டுத் தொடங்கிய திட்டம் அல்ல அது. ஊர்மக்கள் தங்களால் ஆனதைக் கொடுத்து அடுப்பை மூட்டினார்கள். ஊர் முதலில் கை நீட்டியது. அரசு வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது.

வடக்கே போனால் அருப்புக்கோட்டை. 1977-இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. நம் வாக்கை வாங்கிக்கொண்டு போய் முதலமைச்சரான அவர், 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகாத இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அந்தத் திட்டத்தில் இலை விரிந்தது.

இன்னும் வடக்கே போனால் மதுரை. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் அங்கே தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை இன்று பசியோடு முதல் மணிக்கு உட்கார வேண்டியதில்லை.

மதுரையையும் தாண்டி, மேலூரையும் தாண்டி, அதே சாலையில் கொட்டாம்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1980-இல் அங்கேயும் ஒன்று நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். என் பேச்சின் உயிர் அந்த ஊரில்தான் இருக்கிறது.

நண்பர்களே, இத்தனை பெருமையும் நமக்கு உண்டு. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இந்தத் திட்டங்களில் எல்லாம் சொல்லாமலே ஒரு நிபந்தனை இருக்கிறது. பிள்ளை நடந்து வர வேண்டும். வரிசையில் உட்கார வேண்டும். தட்டைப் பிடிக்க வேண்டும். தானே அள்ளித் தின்ன வேண்டும்.

பத்து மாதப் பிள்ளை நடந்து வருமா? பதினான்கு மாதப் பிள்ளை தட்டைக் காலி செய்யுமா? அதற்கு ஊட்ட ஒரு கை வேண்டும். மடியில் வைக்க ஒரு ஆள் வேண்டும். வாயை மூடிக்கொண்டால் காக்கையைக் காட்டி, ஆட்டுக்குட்டியைக் காட்டி, அரைமணி நேரம் பொறுத்திருந்து ஊட்ட ஒருவருக்குப் பொழுது வேண்டும். அரசு தட்டைத் தந்தது. சத்துமாவுப் பொட்டலத்தை வீட்டுக்கே தந்தது. ஊட்டும் கையை யார் தருவது?

கணக்கைப் பாருங்கள். கருவில் இருக்கும் நாட்கள் ஏறத்தாழ 270. முதல் ஆண்டு 365. இரண்டாம் ஆண்டு 365. கூட்டினால் 1,000 நாட்கள். ஒரு மனிதனின் உயரமும் உடல் வலுவும் பெரும்பாலும் இந்த ஆயிரம் நாட்களில் தீர்மானமாகின்றன. இரண்டு வயது நிறைவதற்குள் மூளை, வளர்ந்த மனித மூளையின் அளவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அந்த இரண்டு வயதில்தான் பிள்ளை அங்கன்வாடியின் பாயில் முதன்முதலாக வந்து உட்காருகிறது. நாம் பாய் விரிப்பதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது, அம்மா!

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நம் மாநிலத்தைப் பற்றி என்ன சொல்கிறது? பிரசவங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. கைதட்டலாம். அதே கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பெற்றெடுக்கும் வரை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். பெற்றெடுத்த பிறகு அந்தத் தாயை எங்கே விட்டோம்?

எங்கே விட்டோம் என்று காட்டுகிறேன், வாருங்கள்.

கார்த்திகை, மார்கழி. மழை பெய்து கரிசல் காடு பச்சை பிடித்திருக்கிறது. மக்காச்சோளத்திலும் உளுந்திலும் களை முந்திக்கொண்டு நிற்கிறது. இந்த மானாவாரிப் பூமியில் கூலி வேலை வருவதே ஆண்டில் சில மாதம்தான். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு வேன் வந்து நிற்கும். ஏறாவிட்டால் கூலி போயிற்று. அவளுக்குப் பத்து மாதத்தில் ஒரு பிள்ளை. பிள்ளைக்கு என்ன செய்வாள்?

வழி மூன்றுதான். ஒன்று, காட்டுக்கே தூக்கிக்கொண்டு போவாள். சீமைக்கருவேல மரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போடுவாள். கீழே பூச்சி பொட்டு ஊரும். மேலே வெயில் ஏறும். அவள் குனிந்து களை எடுத்தபடியே காதை மட்டும் தொட்டிலில் வைத்திருப்பாள். இரண்டாவது, "கொஞ்சம் பாத்துக்கங்க மதினி" என்று பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள்; அல்லது அப்பத்தாளிடம் விடுவாள். அப்பத்தாளுக்கு ஒரு கண்ணில் புரை, முழங்காலில் வலி. தவழ்கிற பிள்ளையை விரட்டிப் பிடிக்க அவளால் முடியாது. பாசத்தில் குறை இல்லை. உடம்பில் தெம்பு இல்லை. மூன்றாவது வழியைச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. மூத்த பெண் பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள். எட்டு வயதில் ஒரு தாய்!

பத்து மாதப் பிள்ளையின் வயிறு எவ்வளவு பெரிது? அதன் கைமுஷ்டியைப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரே வேளையில் நிறைய ஏற்காது. தாய்ப்பாலும் கொடுத்து, நாளுக்கு மூன்று நான்கு வேளை கெட்டியாகக் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். காலையில் ஏழு மணிக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனவள் மாலை நான்கு மணிக்குத் திரும்புகிறாள். இடையில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? ஐந்து ரூபாய் பிஸ்கட். சீனி போட்ட டீத்தண்ணி. வீட்டு அலமாரியில் சத்துமாவுப் பொட்டலம் பிரிக்காமல் இருக்கும். அதைக் கிளறிக் கொடுக்கப் பொழுது உள்ள ஆள் அந்த வீட்டில் பகலில் இல்லை.

பிள்ளை இளைத்துப் போனால் ஊர் யாரைக் கேட்கிறது? அவளைக் கேட்கிறது. "என்னத்த ஊட்டுறா இவ?" என்கிறது. நான் ஊரைக் கேட்கிறேன். அவள் காட்டில் நின்றபோது நீ எங்கே இருந்தாய்?

களை எடுப்பவள் மட்டும் அல்ல. நரிக்குடிப் பக்கமும் திருச்சுழிப் பக்கமும் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. புகைக்கு நடுவே அந்தப் பிள்ளைகள் வளர்கின்றன. அருப்புக்கோட்டையில் தறிக்குப் பக்கத்தில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நூல் சுற்றுகிற அம்மா இருக்கிறாள். விடியுமுன் மல்லிகைக் காட்டில் மொக்கு எடுக்கிற அம்மா இருக்கிறாள். அவள் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். விழித்தால் யார் முகத்தில் விழிக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது? 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்ணுக்கு 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பை உறுதி செய்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. நல்லது, மிக நல்லது. களை எடுப்பவளுக்கு எத்தனை வாரம்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் மதிப்பில் வருகிறது. அது அவளைக் கொஞ்ச நாள் வீட்டில் இருத்தும். ஆறாம் மாதம் பிள்ளைக்கு இணை உணவு தொடங்க வேண்டிய நேரத்தில், பணம் தீர்ந்து அவள் வேனில் ஏறிவிடுகிறாள்.

இந்த உண்மையை டெல்லிக்கு எடுத்துச் சொன்னவர்களில், பின்னாளில் சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன் முதன்மையானவர். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்காக அவர் தலைமையில் அமைந்த குழு 1972-இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. நாம் பால்வாடி என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லும் அங்கன்வாடி அப்படி வந்ததுதான். ஏழைத் தாய்க்குக் காப்பகம் வேண்டும்; அவள் உழைப்பையும் பிள்ளையின் வளர்ச்சியையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்காதீர்கள் என்று அவர் கடைசிவரை வாதாடினார். அங்கன்வாடி வந்தது. காப்பகம் வரவில்லை.

இப்போது கொட்டாம்பட்டிக்கு வருகிறேன்.

1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கி உதவியோடு கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது. பிறகு பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் வந்தது. அன்று அருப்புக்கோட்டையும் நாமும் அந்த மாவட்டத்துக்காரர்கள். விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு நம் மாவட்டம் பிரிந்தது 1985-இல்தானே? அந்தத் திட்டம் யாரைத் தேடிப் போயிற்று தெரியுமா? ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளையை. வரிசையில் உட்காரத் தெரியாத பிள்ளையை!

என்ன செய்தார்கள்? மாதந்தோறும் பிள்ளையைத் தராசில் வைத்தார்கள். போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று அட்டையில் குறித்தார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். பிள்ளை எலும்பும் தோலுமாக ஆகும்வரை காத்திருக்கவில்லை. ஒரு மாதம் எடை நின்றதுமே, "என்னம்மா ஆச்சு? காய்ச்சலா? நீ வேலைக்குப் போகத் தொடங்கிட்டியா?" என்று வாசலில் வந்து கேட்டார்கள்.

கேட்டவர் யார்? வெளியூர் அதிகாரியா? அதே தெருப் பெண். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஓர் அருமையான தகுதி பார்த்தார்கள். ஏழையாக இருக்க வேண்டும். ஆனால் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவளாக இருக்க வேண்டும். "உனக்கு இருக்கிற கஷ்டம்தான் எனக்கும், நான் இப்படிச் செய்தேன், நீயும் செய்து பார்" என்று அவள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் பலம் எந்தச் சுவரொட்டிக்கு வரும்? அவளுக்குத் துணையாக மாதர் குழு இருந்தது. கடுமையான ஊட்டக்குறைவு அந்த வட்டாரங்களில் கண்கூடாகக் குறைந்தது. பணம் வெளியிலிருந்து வந்தது; கை இந்த ஊர்ப் பெண்ணுடைய கை.

கொட்டாம்பட்டி நமக்குச் சொல்வது இதுதான்: கைக்குழந்தையைக் காப்பாற்ற உணவு வேண்டும், மருந்து வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அறிந்த ஓர் ஆள் வேண்டும்.

கொட்டாம்பட்டியிலும் பகல் முழுதும் பிள்ளையை வைத்துக்கொள்ளும் இடம் இல்லை. அந்தக் குறையை வேறு மாநிலங்கள் தீர்த்துக் காட்டியிருக்கின்றன. கர்நாடகத்தில் 2023-இல் கூசின மனே என்று தொடங்கினார்கள். நூறு நாள் வேலைக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளுக்காக 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் என்று திட்டம் போட்டார்கள். பார்த்துக்கொள்பவர்கள் யார்? அதே வேலைக்கு வரும் உள்ளூர்ப் பெண்கள். பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். சத்தீஸ்கரில் கணியாரி என்ற ஊரில் மருத்துவர்கள் சிலர் ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பைத் தொடங்கி, காட்டோரக் கிராமங்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்துகிறார்கள். பிள்ளை தின்கிறது, தூங்குகிறது, விளையாடுகிறது. தாய் நிம்மதியாக வேலை செய்கிறாள். அக்கா பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு காப்பகம், மூன்று பேருக்கு விடுதலை!

அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? அடுப்பு மூட்டி நாட்டுக்கே வழி காட்டிய மண் இது. முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலாவது, எடை. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் பிள்ளைகளை எடை பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கே போகிறது? பதிவேட்டுக்குப் போகிறது, செயலிக்குப் போகிறது, மேலே போகிறது. ஊருக்கு வருகிறதா? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. சாக்கடையைப் பற்றிப் பேசுகிறோம், தெருவிளக்கைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். இனி ஒவ்வொரு கிராம சபையிலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: "இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் எடை ஏறாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு நாம் என்ன செய்தோம்?" பெயர் சொல்ல வேண்டாம், ஒரு தாயும் தலைகுனியக் கூடாது. எண்ணை மட்டும் சொல்லுங்கள். அந்த எண் ஊரின் எண்.

இரண்டாவது, களையெடுப்புக் காலக் காப்பகம். ஆண்டு முழுவதும் வேண்டாம் என்றால் ஐப்பசி முதல் மாசி வரையாவது நடத்துவோம். ஒரு சுத்தமான அறை, வேலி அடைத்த முற்றம், நல்ல தண்ணீர், நான்கு தொட்டில், ஓர் அடுப்பு, பொறுப்பான இரண்டு பெண்கள். இவ்வளவுதான் தேவை. அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்; "புண்ணியம்" என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள். 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டமே வழி காட்டியது: வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், ஒரு பெண்ணைக் குழந்தை பார்க்க அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியது. ஒன்றிய அரசு 2022 முதல் பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைத்து நடத்த வழி வைத்திருக்கிறது. பஞ்சாயத்துத் தீர்மானம் போட்டு எழுதிக் கேளுங்கள். கேட்காத ஊருக்கு எதுவும் வராது. நம் சுற்றுவட்டாரத்தில் சுரங்கமும் நூற்பாலையும் நடத்துகிறவர்களிடமும் கேளுங்கள். காப்பகம் அவர்கள் செய்யும் தருமம் அல்ல, சட்டம் சொன்ன கடமை.

மூன்றாவது, ஆண்கள். அப்பாமார்களே, தாத்தாமார்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பிள்ளைக்கு ஊட்டுவது பெண்ணின் வேலை என்று எந்தக் கரிசல் மண்ணில் எழுதியிருக்கிறது? பால் கொடுப்பது ஒன்றுதான் தாயால் மட்டும் ஆகிற காரியம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது, தடுப்பூசி நாளை நினைவில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் உங்களாலும் ஆகும். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து அரசியல் பேசும் நேரத்தில் அரைமணியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளை பேசும் முதல் சொற்களில் உங்கள் பங்கும் இருக்கும்.

நான்காவது, சடங்கு. அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பைப் பார்த்திருக்கிறீர்கள். கர்ப்பிணிகளை ஒன்றாக உட்காரவைத்து, வளையல் போட்டு, கலவை சாதம் பரிமாறுகிறார்கள். சாதி பார்க்காமல், வசதி பார்க்காமல் எல்லாப் பெண்களும் ஒரே வரிசை. எவ்வளவு நல்ல காட்சி! வளைகாப்போடு ஏன் நிறுத்த வேண்டும்? ஆறு மாதம் நிறைந்த பிள்ளைகளை எல்லாம் மாதம் ஒரு நாள் அங்கன்வாடி முற்றத்துக்கு அழைத்து, ஊரே முதல் கவளம் ஊட்டட்டும். பருப்பும் நெய்யும் சோறும் குழைத்து அன்றே தாய்க்கும் அப்பாவுக்கும் செய்து காட்டுங்கள். எந்தத் தெருப் பிள்ளையும் விடுபடக் கூடாது. வெளியூரிலிருந்து கரி வெட்ட வந்து குடிசை போட்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளையும் அந்த வரிசையில் உட்கார வேண்டும். அவன் நம் ஊரில் இருக்கும்வரை நம் பிள்ளை.

கடைசியாக, அங்கன்வாடிச் சகோதரிகளைப் பற்றி ஒரு சொல். சமையலை மேற்பார்ப்பவர் அவர். பாட்டுச் சொல்லித் தருபவர் அவர். எடை பார்த்து, செயலியில் ஏற்றி, வீடு வீடாக நடப்பவரும் அவரே. வாங்குவதோ குறைந்த ஊதியம். ஊரில் ஒரு விழா என்றால் மேடையில் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறோம். இந்த ஊரின் ஆயிரம் நாள் பிள்ளைகளைச் சுமக்கிறவருக்கு ஊர் தரும் மரியாதை என்ன? மரியாதை என்றால் பொன்னாடை மட்டும் அல்ல. மையத்துக் கூரை ஒழுகினால் அவர் கேட்கும் முன் ஓடு மாற்றுவது மரியாதை. தண்ணீர் வராவிட்டால் குழாயைச் சரிசெய்வது மரியாதை. அவருடைய ஊதிய உயர்வுக்கு ஊரே குரல் கொடுப்பதும் மரியாதை.

பெரியோர்களே, தாய்மார்களே! இவற்றில் எதற்கும் கோடி ரூபாய் தேவை இல்லை. நாளைக்கே தொடங்கலாம். இந்தக் கூட்டம் கலையும் முன் மூன்று காரியம் முடித்துவிடுவோம். பஞ்சாயத்தார் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த கிராம சபைப் பொருள்பட்டியலில் கைக்குழந்தை எடையை முதல் பொருளாகச் சேர்ப்போம் என்று சொல்லுங்கள். மகளிர் குழுவினர் இருக்கிறீர்கள். இந்தப் பருவத்தில் காப்பகத்துக்கு எந்த அறை, எந்த இரண்டு பேர் என்று பேசி முடியுங்கள். ஆண்கள் இருக்கிறீர்கள், முற்றத்துக்கு வேலி அடைக்கும் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஐப்பசியில் முதல் வேன் வந்து நிற்கும்போது, ஏறுகிற ஒவ்வொரு தாயும் பிள்ளையை யாரிடம் விட்டோம் என்பதைத் தெரிந்து, மனம் பதறாமல் ஏற வேண்டும். கைக்குழந்தைக்கு ஊர் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால், பந்தல்குடியில் வந்து பாருங்கள் என்று சொல்லும்படி செய்து காட்டுங்கள். செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.